ஐம்பது மிச்சம்

லா செய்பா படகுத்துறையில் பயணச்சீட்டு வரிசை.
முன்னால் நிற்பவன் டாலரில் கேட்கிறான்,
பின்னால் நிற்பவள் யூரோவில் முணுமுணுக்கிறாள்,
நான் லெம்பிராவில்.
என் நாட்டுத் தீவுக்குப் போக
நான்தான் நாணயம் மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பதினொரு மாதச் சேமிப்பு.
சான் பெத்ரோ சூலாவில் இரவு ஷிஃப்ட்,
ஹெட்செட் அழுத்திச் சிவந்த காது,
"உங்கள் கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொல்ல முடியுமா?"
என்று பார்த்தேயிராத ஊர்களிடம்
கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.
நோட்டில் ஐந்து பத்தி:
படகு, படுக்கை, சாப்பாடு, முக்குளிப்பு.
ஐந்தாவதற்குப் பெயர் வைக்கவில்லை,
கோடு மட்டும் கிழித்திருந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

படகிலேயே முதல் நஷ்டம்.
காலையில் தின்ற பலெயாதாவை,
பீன்ஸும் பாலாடையுமாக முப்பது லெம்பிராவை,
கரீபியனுக்கு மொய் எழுதினேன்.

உத்திலாவில் எட்டுப் பேர் அறை.
மேல்கட்டில் மலிவு;
மின்விசிறிக் காற்று கீழ்க்கட்டிலோடு முடிந்துவிடுகிறது.
மணல்கொசுவை எந்தப் பத்தியில் எழுதுவது?
முதல் மாலையே இடது கணுக்காலில் நாற்பத்தொரு கடி.
எண்ணினேன். எண்ணுவதுதானே எனக்குப் பிழைப்பு.

தேங்காய் எண்ணெய் பூசு என்றாள் மிஸ் டெல்வீனா,
கம்ப்ரெஸர் கொட்டகையில் சிலிண்டர்களுக்குக் காற்று அடைப்பவள்.
அவள் பேசுவது தீவின் ஆங்கிலம்,
நான் பேசுவது ஹெட்செட்டின் ஆங்கிலம்.
இரண்டு பேரிடமும் ஒரே நாட்டு அடையாள அட்டை.
"காற்று எங்கேயும் இனாம்தான் பெண்ணே,
அதைக் கீழே கொண்டுபோகத்தான் காசு."
எண்ணெய்ப் புட்டிக்கும் காசு வாங்கிக்கொண்டாள்.
ஒரு பைசா குறைக்கவில்லை.

ஒரு முக்குளிப்பா, மூன்று நாள் இரவுச் சாப்பாடா?
மூன்று இரவும் மாம்பழமும் தேங்காய் ரொட்டியும்.

"முள் இருநூறில் தொடங்கும்," என்றான் வாட்லி,
"ஐம்பதில் மேலே வந்துவிட வேண்டும்.
அந்த ஐம்பது உன்னுடையது இல்லை."
பின்னே யாருடையது என்றேன்.
முகமூடிக்குள் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கீழே
மூளைபோல் மடிந்த பவளம்,
ஊதா விசிறிகள்,
பாறையைக் கொறித்து மணலாகக் கழிக்கும் ஒரு கிளிமீன்.
ஆமை ஒன்று புல் மேய்ந்தபடி என்னைப் பார்த்தது,
மென்றுகொண்டே விட்டுவிட்டது.
நான் மூச்சைச் சம்பள நாள் போலச் செலவழித்தேன்.
நூற்றைம்பது.
நூற்றுப்பத்து.
எழுபது.
மற்றவர்களுக்கு முக்கால் மணி வந்த காற்று
எனக்கு இருபத்தாறு நிமிடம்.
வாட்லி கட்டைவிரலை மேலே காட்டினான்.
என் ஆயுளில் மிச்சம் பிடித்த முதல் கணக்கு அது,
அதுவும் அடுத்தவன் சொல்லி.

திரும்பும்போது பேருந்துக்குப் பன்னிரண்டு லெம்பிரா குறைந்தது.
பாதி சன்ஸ்கிரீனை ஒரு டச்சுக்காரியிடம் விற்றேன்.
கேட்டது முப்பது, கிடைத்தது இருபது.
ஐந்தாவது பத்தியில், வரவாக, எழுதி வைத்தேன்.

செவ்வாய் இரவு இரண்டு மணி.
ஒஹாயோவிலிருந்து ஒரு பெண்மணி:
"நான் செய்யாத செலவு என் கார்டில் காட்டுகிறது,
உத்திலா என்று ஏதோ,
முந்நூற்று நாற்பது டாலர்,
அப்படியோர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா?"

இதற்கென்று திரையில் ஒரு வசனம் உண்டு,
வாசித்தால் போதும்.
காதுக்குள் இன்னும் கொஞ்சம் உப்புத்தண்ணீர்,
தலையைச் சாய்த்தால் நகர்கிறது.

"இருக்கிறது அம்மா," என்றேன்.
"உங்கள் வீட்டில் யாராவது
இப்போது சில நாட்களாக
கணுக்காலைச் சொறிந்துகொண்டு திரிகிறார்களா?"